மீண்டு வரா வழியும் மீதமுள்ள கடனும்

 

உயிர் பிரிந்தபின் ரூஹ் வேறோர் உடலெடுத்து இவ்வுலகில் மீண்டும் பிறக்கிறது என்பது நம் அண்டைவீட்டுச் சகோதர சமயத்தார் பலரின் நம்பிக்கை. நமது மார்க்கம் கூறுவது வேறு. மரண வேளையில், நற்செயல் புரிந்து வரத் தன்னைத் திருப்பி அனுப்புமாறு மனிதன் மன்றாடுவான், அது ஏற்கப்படாது. எழுப்பப்படும் நாள்வரை 'பர்ஸக்' என்னும் திரை உண்டு என அல்குர்ஆன் (23:99,100) அறிவிக்கிறது.

திரும்பி வர வழியில்லை. ஆயினும் தொடர்பு முற்றிலும் அறுவதில்லை. நிலையான தர்மம், பயன்தரும் கல்வி, துஆச் செய்யும் ஸாலிஹான பிள்ளை ஆகிய மூன்றின் நன்மையும் கப்ருக்குப் பின்னும் தொடரும் (முஸ்லிம்).

கடனும் அவ்வாறே தொடரும். இரண்டு தீனார் கடனோடு மரணித்தவருக்கு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தொழவைக்க முன்வரவில்லை. அபூகதாதா (ரலி) அவர்கள் அக்கடனை ஏற்ற பின்னரே தொழவைத்தார்கள். அத்துடன் விட்டுவிடவுமில்லை, மறுநாளும் அதுபற்றி வினவினார்கள். செலுத்தியாயிற்று என்றறிந்த பிறகே, மையித்தின் மேனி இப்போது குளிர்ந்தது என்றார்கள் (அஹ்மத்).

"கடன் இருந்தால் எங்களிடம் கேளுங்கள்" என்று ஜனாஸாவின்போது நாமும் அறிவிக்கிறோம். கேட்டு வருபவரிடமோ, "சாட்சி உண்டா?" என்கிறோம், சொத்தை மட்டும் விரைந்து பங்கிடுகிறோம். கடனுக்கும் மரண சாசனத்திற்கும் பின்னரே பங்கு என்பது இறைக்கட்டளை (4:11) அன்றோ?

ஆகவே, நம் கொடுக்கல் வாங்கலை இன்றே எழுதி வைப்போம். நம்மை முந்திச் சென்றோரின் கடனைத் தீர்ப்போம். வல்ல அல்லாஹ் அவர்களின் கப்ருகளை விசாலமாக்குவானாக! ஆமீன்.