காசு எப்போது கட்டுவது?



நேற்று ஓர் அக்கா கேட்டார்: "ஆஸ்பத்திரிக்காக நகையை அடகு வைக்காத ஊர் இருக்கா தம்பி?"

இருக்கு அக்கா.

இங்கிலாந்தில் 1948 ஜூலை 5 முதல் டாக்டரைப் பார்க்கக் காசு இல்லை. ஆபரேஷனுக்கும் இல்லை. இதைக் கொண்டுவந்த மந்திரி அனூரின் பெவன். சிறு வயதில் நிலக்கரிச் சுரங்கத்தில் உழைத்தவர். செலவுக்குப் பணம்? மக்கள் கட்டும் வரிதான். நோய் வருமுன்பே, வசதிக்கு ஏற்றபடி கட்டிவிடுகிறார்கள். ஆனால் சில ஆபரேஷனுக்கு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அதையும் சொல்லிவிடுகிறேன்.

"அது பணக்கார நாடு" என்பீர்கள். தாய்லாந்து அப்படி இல்லையே! அங்கே 2002-இல் சட்டம் போட்டார்கள். ஒருமுறை வைத்தியத்துக்கு 30 பாட் என்று வைத்தார்கள். பாட் அவர்கள் நாட்டுக் காசு. பரம ஏழைக்கு அதுவும் இல்லை. எப்படி முடிந்தது? அதற்கு முன்பே தாலுகா ஆஸ்பத்திரிகளைக் கட்டிவிட்டார்கள். புது டாக்டர்களைக் கிராமத்துக்கும் அனுப்பினார்கள். எனக்கு இதுதான் பெரிசாகப் படுகிறது. டாக்டர் இல்லாத ஊரில் இலவசம் எதற்கு?

காசு இல்லை என்று யாருக்கும் வைத்தியம் மறுக்கக் கூடாது என நம் நாட்டிலும் 1946-இலேயே ஒரு குழு சொன்னது. சர் ஜோசப் போர் அதன் தலைவர். 2018-இல் ஆயுஷ்மான் கார்டு வந்தது. குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் ரூபாய் வரை. ஆனால் ஆஸ்பத்திரியில் சேர்ந்தால்தான். தினமும் போடும் சர்க்கரை மாத்திரைக்கு ஆகாது.

கார்டு உள்ளவர்கள் நாளை கொண்டு வாருங்கள். சேர்ந்து வாசிப்போம்.