பிழைப் பதிகையைப் படிப்போம்
(சென்னைத் தமிழன்பர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கணினித் தமிழ் என்றவுடன் நம்மவர் எழுத்துருவைப் பற்றியும் விசைப்பலகையைப் பற்றியுமே பேசுகின்றனர். அவை வேண்டுவனவே. ஆனால், கணினி இடறி விழும்போது அது என்ன சொல்லுகின்றது, அதை யார் படிக்கின்றனர் என்று கேட்பார் அரியர். இன்று அதைப் பற்றியே பேச விழைகின்றேன்.

கணினி ஊமையன்று. தான் செய்வதையும், செய்ய முடியாமற் போனதையும் அது ஒரு கோப்பில் எழுதிக்கொண்டே இருக்கின்றது. அதற்குப் பதிகை என்று பெயர். ஆங்கிலத்தில் இதற்கு வழங்கும் 'லாக்' என்னும் சொல்லின் பொருள் என்ன தெரியுமா? மரக்கட்டை! கப்பலின் விரைவை அளக்க, முடிச்சிட்ட கயிற்றில் ஒரு கட்டையைக் கட்டிக் கடலில் எறிந்தனர். ஓடிய முடிச்சுகளை எண்ணி ஏட்டில் எழுதினர். கட்டையின் பெயர் ஏட்டுக்காயிற்று. ஏட்டின் பெயர் கணினிக் கோப்புக்காயிற்று. அவர்கள் மரக்கட்டையின் பெயரை வைத்துக்கொண்டு கணினியை ஆளும்போது, 'பதி' என்னும் வினையடியாகப் பிறந்த பதிகையை ஆள நமக்கென்ன தயக்கம்?

1947 செப்தம்பர் 9ஆம் நாள், அமெரிக்காவின் ஆர்வர்டு பல்கலைக்கழகத்து 'மார்க்கு 2' என்னும் கணிப்பொறியின் மின்தொடுப்பி ஒன்றில் ஓர் அந்துப்பூச்சி சிக்கியிருந்தது. அதை எடுத்துப் பதிவேட்டிலேயே ஒட்டி, பிற்பகல் 3.45 மணி, எப் பலகை, 70ஆம் தொடுப்பி என்று அருகில் குறித்துவைத்தனர். எப்பொழுது, எங்கே, என்ன என்னும் மூன்று கேள்விக்கும் அந்த ஒரு வரியில் விடை இருந்தது. இன்றைய பதிகைகளும் அம் மூன்றையே சொல்லுகின்றன.

நம் அடையாற்றுப் பக்கத்து இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் 1973இல் ஐ.பி.எம். 370 பெருங்கணினி நிறுவப்பட்டது. அது துளையிட்ட அட்டைகளைக் கொடுத்துவிட்டு, அச்சிட்ட தாளுக்குக் காத்திருந்த காலம். அன்று பிழைச் செய்தியைப் படித்தவர் பொறிஞர் ஒருவரே. இன்றோ, கடைக் கல்லாவில் அமர்ந்திருக்கும் தங்கையும், இ-சேவை நடுவத்துத் தம்பியும் நாள்தோறும் அதை எதிர்கொள்கின்றனர். பிழையின் முதற் சான்றாளர் அவர்களே. அவர்களுக்கு அது விளங்காவிட்டால், கட்டத்தை மூடிவிட்டு மறுபடி முயல்வார்கள், சான்று அழியும்.

அதைப் படிக்கும் முறை என்ன? முதலாவது, கடுமையின் அளவை அறிதல். 1980களில் கலிபோர்னியாவின் பெர்க்கிலிப் பல்கலைக்கழகத்தில் எரிக்கு ஆல்மன் என்பார் உருவாக்கிய 'சிசுலாக்' முறை, 0 முதல் 7 வரை எட்டுப் படிகளை வகுக்கின்றது. அவற்றைப் பேரிடர், உடன்செயல், கடுநிலை, பிழை, எச்சரிக்கை, குறிப்பு, செய்தி, நுணுக்கம் என்று நான் தமிழாக்குவேன். எண் குறையக் குறையக் கடுமை கூடும். ஆறாம் படியைக் கண்டு அஞ்சவும் வேண்டா. இரண்டாம் படியைக் கண்டு உறங்கவும் வேண்டா.

இரண்டாவது, முதற் பிழையைத் தேடுதல். தியாகராயர் நகரில் ஒரு துணிக்கடை. பொங்கல் நெருங்கும் மாலை. பற்றுச்சீட்டு அச்சாகவில்லை என்று வைத்துக்கொள்வோம். 'இணைப்புக் கிட்டவில்லை' என்பது திரையின் கடைசி வரி. உடனே கம்பியை மாற்றுகின்றனர்; பயனில்லை. பதிகையில் மேலே சென்று பார்த்தால், அரைமணி முன்னரே 'வட்டில் இடமில்லை' என்னும் வரி கிடக்கின்றது. இடமில்லாமையால் தரவுத்தளம் எழுத முடியாமல் நின்றது. அது நின்றமையால் இணைப்பு அறுந்தது. கடைசி வரி விளைவு; முதல் வரியே கரணியம். நோயின் மூலத்தை ஆராயாமல் மருந்து கொடுக்கலாகாது என்று வள்ளுவப் பெருந்தகை மருத்துவனுக்கு வகுத்த நெறி, கணினி மருத்துவனுக்கும் பொருந்துமன்றோ?

மூன்றாவது, நேரத்தை நேராக்குதல். பல வழங்கிகள் உலகப் பொது நேரத்தில் எழுதும். பதிகையில் காலை 4.30 என்றிருந்தால் நமக்கு அது காலை 10 மணி. ஐந்தரை மணியைக் கூட்ட வேண்டும். நுங்கம்பாக்கத்து வானாய்வகத்தை ஒட்டி வழங்கிய சென்னை நேரம், கிரீனிச்சு நேரத்தினும் ஏறத்தாழ 5 மணி 21 நுணுத்தம் முற்பட்டிருந்தது. 1906இல்தான் ஐந்தரை மணிக் கணக்கு வந்தது. எந்த நேரம் என்று தெரியாமல் இரண்டு பதிகைகளை ஒப்பிடுவது வீண்.

நான்காவது, எண்ணைக் குறித்தல். லினக்சில் 2 என்றால் அப்படியொரு கோப்பு இல்லை. 13 என்றால் இசைவு இல்லை. 28 என்றால் வட்டில் இடமில்லை. சொல் மொழிக்கு மொழி மாறும், எண் மாறாது. பிறரிடம் காட்டுமுன் கடவுச்சொல், வாடிக்கையாளர் பெயர் முதலியவற்றை நீக்கிவிடுங்கள். ஒரு முறைக்கு ஒரே மாற்றத்தைச் செய்து, செய்ததை எழுதிவையுங்கள்.

பெருமக்களே! இனித்தான் நம் மொழிக்குரிய செய்தி. 1991இல் வெளிவந்த ஒருங்குறியின் முதற் பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றது. 2010இல் தமிழக அரசும் அதை ஏற்றது. ஆயினும், 'தமிழைப் போட்டால் மென்பொருள் கெடுகிறது. பெயரை ஆங்கிலத்தில் எழுதுங்கள்' என்று இன்றும் சொல்லுவார் உளர். மெய் என்ன? 'தமிழ்' என்பது நம் கண்ணுக்கு மூன்றெழுத்து. ஒருங்குறிக்கு அது ஐந்து குறி. பரவலாக வழங்கும் யு.டி.எப். 8 முறையில் குறிக்கு மூன்றாகப் பதினைந்து பைட்டு. பத்துப் பைட்டு மட்டும் கொள்ளும் பெட்டியில் அதை இட்டால், 'தமி' என்பதோடு அடுத்த குறியின் மூன்றிலொரு பங்கு மட்டும் ஒட்டி நிற்கும். 'செல்லாத பைட்டு' என்று பதிகை அலறும். பிழை தமிழிலா? இல்லை! பெட்டியைக் குறுக்கியவனிடத்தில்!

'கொற்றவை' என்னும் பெயரைப் பாருங்கள். முதலெழுத்தின் ஒகரக் குறியை ஒரே குறியாகவும் எழுதலாம். ஒற்றைக்கொம்பும் காலுமாக இரு குறியாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே, கணினிக்கு வேறு. ஒருவகையில் பதிந்த பெயரை மறுவகையில் தேடினால் 'அப்படி ஒருவர் இல்லை' என்னும். பதியுமுன் இருவகையையும் ஒரு வடிவாக்கும் முறை ஒருங்குறியிலேயே உள்ளது. அதைக் கையாளாத நிரலரின் சோம்பலுக்குத் தமிழ் தண்டனை பெறுவதா? பதிகையைப் படிக்கத் தெரிந்தவனே இக் கேள்வியைக் கேட்க முடியும்.

பிழைச் செய்திகளைத் தமிழாக்கும் இளைஞர்க்கு ஒன்று சொல்வேன். 'பிழை நேர்ந்தது' என்று மட்டும் எழுதுவது எம்மொழியிலும் பயனற்றது. எது, எங்கே, அடுத்து என்ன செய்வது என்று எழுதுங்கள். எண்ணை நீக்காதீர்கள், தீர்வு தேடுவார்க்கு அதுவே கைவிளக்கு. ஒரு கருத்துக்கு ஒரு சொல்லையே எங்கும் ஆளுங்கள்; ஆளுக்கொரு சொல்லாக்கினால் தேடுபவன் திகைப்பான்.

கல்லாவில் இருக்கும் நம் தங்கை, 'வட்டில் இடமில்லை, எண் 28' என்று தமிழில் படித்துத் தொலைபேசியில் சொல்லட்டும். பொறிஞர் வருமுன்னரே பாதிப் பணி முடிந்துவிடும். அந் நாளை உருவாக்குவது நம் கையில் உள்ளது. இன்றிரவே உங்கள் கணினியின் பதிகையை ஒருமுறை திறந்து படியுங்கள் என்று கேட்டு அமைகின்றேன்.

வாழ்க தமிழ்!