கோபுரமும் சிலுவையும்

வேலூர்க் கோட்டைக்குப் போகிறவர்கள் ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத்தைப் பார்க்காமல் திரும்புவதில்லை. பக்கத்திலேயே 1846-ல் கட்டிய செயின்ட் ஜான்ஸ் தேவாலயம் இருக்கிறது. அதற்குள் எட்டிப் பார்க்கிறவர்கள் குறைவு. சிறிய, எளிய கட்டடம். கோட்டையில் இருந்த கும்பெனிப் பட்டாளத்து வெள்ளைக்காரர்கள் ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குக் கட்டிக்கொண்டது. இரண்டும் ஒரே அகழிக்குள் இருந்தாலும் ஒன்றை ஒன்று பார்த்ததற்கான அடையாளம் எதுவும் இல்லை.

கல்யாண மண்டபத்துத் தூண்களில் குதிரை வீரனையும் யாளியையும் எல்லோரும் பார்ப்பார்கள். நீங்கள் அடுத்த முறை கொஞ்சம் மேலே பாருங்கள். தூண் முடிந்து உத்தரம் தொடங்கும் இடத்தில் பாரத்தைத் தாங்கும் போதிகை இருக்கும். விஜயநகர காலத்துச் சிற்பிகள் அந்தப் போதிகையின் நுனியைக் கீழே வளைத்து, தலைகீழாகத் தொங்கும் மொட்டாக முடித்தார்கள். ஸ்தபதிகள் அதைப் பூமுனைப் போதிகை என்பார்கள். பார்த்தால் வாழைப்பூ. நாம் தினம் பார்க்கிற கொல்லைப்புறப் பொருளைக் கல்லில் ஏற்றி வைத்திருக்கிறார்கள். பட்டாளத்துத் தேவாலயம் கட்டியவர்களுக்கு இது கண்ணில் பட்டிருக்கும். கருத்தில் பட்டிருக்க அவசியம் இல்லை. அவர்களுக்கு வேண்டியிருந்தது சொந்த ஊர் ஞாபகம்.

அந்த வாழைப்பூ ஒரு ஆங்கிலிக்கன் பேராலயத்தின் தூணுக்குப் போய்ச் சேர இன்னும் ஒரு நூற்றாண்டு ஆயிற்று. அது போய்ச் சேர்ந்த இடம் தமிழ்நாட்டில் இல்லை. ஆனால் கொண்டுபோனவர் தமிழர்.

வேதநாயகம் சாமுவேல் அசரியா 1874-ல் தென்கோடியில் வெள்ளாளன்விளையில் பிறந்தவர். 1912 டிசம்பர் 29 அன்று கல்கத்தா செயின்ட் பால் பேராலயத்தில் அவருக்கு அபிஷேகம் நடந்தது. ஆங்கிலிக்கன் திருச்சபையில் பேராயர் ஆன முதல் இந்தியர் அவர். அவருக்குக் கொடுத்தது தோர்ணக்கல் என்ற புதிய பேராயம். நிஜாம் ராஜ்ஜியத்தில் ஒரு ரயில்வே ஜங்ஷன், சுற்றிலும் வறண்ட கிராமங்கள். சபை மக்களில் பெரும்பாலோர் மாலா, மாதிகா சாதியினர். மாதிகா என்றால் தெலுங்கு நாட்டில் தோல் பதனிடுகிறவர்கள், செருப்புத் தைக்கிறவர்கள். ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு நேயர்களுக்கு அந்தத் தொழிலின் வாடையும் மதிப்பும் நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

பேராலயம் என்றால் பெரிய கட்டடம் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் பேராயரின் ஆசனம் இருக்கும் ஆலயம் எதுவோ அதுதான் பேராலயம். அளவு இரண்டாம் பட்சம். அசரியாவிடம் ஆசனம் இருந்தது, பணம் இல்லை. கட்டடம் வருஷக்கணக்கில் இழுத்தது. கடைசியில் 1939 ஜனவரி 6, பிரசன்னத் திருநாள் அன்று பிரதிஷ்டை ஆயிற்று.

அதே நிஜாம் ராஜ்ஜியத்தில் மெதக் என்ற ஊரிலும் ஒரு பெரிய ஆலயம் உண்டு. 1924 கிறிஸ்துமஸ் அன்று திறந்தார்கள். சார்லஸ் வாக்கர் பாஸ்னெட் என்ற மெதடிஸ்ட் மிஷனரி, பஞ்ச காலத்தில் ஜனங்களுக்கு வேலையும் சோறும் கிடைக்கட்டும் என்று கட்டியது. பிளான் இங்கிலாந்திலிருந்து வந்தது. கூர்வளைவு ஜன்னல், வண்ணக் கண்ணாடி, வானளாவிய மணிக்கூண்டு எல்லாம் சுத்தமான கோதிக். அழகில் குறை சொல்ல முடியாது. தக்காணத்து வெயிலில் நிற்கிற இங்கிலாந்து அது.

தோர்ணக்கல் வேறு வழி போயிற்று. உள்ளே தூண்கள் கோயில் தூண்கள். தாமரை, ஊமத்தம்பூ, நான் சொன்ன அந்த வாழைப்பூ எல்லாம் அங்கே உண்டு. வெளியே குவிமாடமும் சின்னச் சின்ன ஸ்தூபிகளும், ஹைதராபாத் மசூதிகளை நினைவூட்டும்படி. இது சும்மா இரண்டு பக்கமும் நல்ல பெயர் வாங்கச் செய்த கலப்பு என்று ஒதுக்கிவிடக் கூடாது. இதில் ஒரு கட்டடக் கணக்கு இருக்கிறது என்பது என் எண்ணம்.

நம் கோயிலில் கருவறை சிறியது, இருட்டானது. ஆட்கள் தனித்தனியாக வருவார்கள், தரிசனம் பண்ணுவார்கள், பிராகாரம் சுற்றிப் போவார்கள். கிறிஸ்தவ ஆராதனை அப்படி அல்ல. நூற்றுக்கணக்கானவர்கள் ஒரே நேரத்தில் கூடி உட்கார்ந்து பிரசங்கம் கேட்க வேண்டும், சேர்ந்து பாட வேண்டும். கோயில் மண்டபம் மாதிரி நெருக்கமாகத் தூண் நட்டால் பாதிப் பேருக்குப் பீடம் தெரியாது, குரல் தூணில் மோதி நிற்கும். கூட்டமாகக் கூடித் தொழுகிறவர்களுக்கு இடைவெளி விட்டுக் கட்டும் கலை இந்தியாவில் யாரிடம் இருந்தது? மசூதி கட்டினவர்களிடம். வளைவும் குவிமாடமும் அதற்கான விடை. ஆக, அலங்காரத்தைக் கோயிலிடமும் அகலத்தை மசூதியிடமும் எடுத்துக்கொண்டது தோர்ணக்கல். பார்வைக்கு எல்லா இடத்திலும் இசைந்து வந்திருக்கிறது என்று சொல்ல மாட்டேன். குவிமாடமும் தூணும் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளாத மூலைகள் உண்டு. ஆனால் யோசித்துக் கட்டிய கட்டடம்.

அதே காலத்தில் லிவர்பூலில் ஆங்கிலிக்கன்கள் ஒரு பேராலயம் கட்டிக்கொண்டிருந்தார்கள். 1904-ல் தொடங்கி 1978-ல்தான் முடித்தார்கள். அதுவும் பழைய கோதிக்தான். புதுமை என்பது அப்போது எந்த ஊரிலும் சுலபமாக வரவில்லை.

இனி நம் பக்கத்துக்கு வருவோம். வேலூர் வட்டாரத்துச் சபைகள் பெரும்பாலும் ஆங்கிலிக்கன்கள் வளர்த்தவை அல்ல. 1853-ல் தொடங்கிய அமெரிக்க ஆற்காடு மிஷன், ஸ்கடர் குடும்பம், அவர்கள் வழி வந்தவை. ஆம்பூரில் லுத்தரன்கள். கன்கார்டியா பள்ளியும் பெதஸ்தா ஆஸ்பத்திரியும் அவர்களுடையவை. 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில் ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட் இன்னும் சில சபைகள் சேர்ந்து தென்னிந்தியத் திருச்சபை ஆனபோது, ஆற்காடு மிஷன் சபைகளும் அதில் இருந்தன. 1976-ல் சென்னையிலிருந்து பிரிந்து வேலூர் பேராயம் பிறந்தது. அன்றிலிருந்து வேலூருக்கும் ஒரு பேராயர், ஓர் ஆசனம்.

ஆனால் நம் தோல் வட்டாரத்தில் கட்டடக் கலை என்று பேச ஒன்றே ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால், நான் எந்தப் பேராலயத்தையும் சொல்ல மாட்டேன். திருப்பத்தூர் கிறிஸ்துகுல ஆசிரமத்து ஜெபாலயத்தைச் சொல்வேன்.

1921-ல் இரண்டு டாக்டர்கள் சேர்ந்து தொடங்கிய ஆசிரமம் அது. ஒருவர் சவரிராயன் ஏசுதாசன், தமிழர். மற்றவர் எர்னெஸ்ட் ஃபாரெஸ்டர் பேட்டன், ஸ்காட்லாந்தில் பெரிய கம்பளி நூல் வியாபாரக் குடும்பத்துப் பிள்ளை. ஊர் ஜனங்களுக்குப் பேட்டன் சின்னண்ணன், ஏசுதாசன் பெரியண்ணன். இருவரும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கதர் கட்டினார்கள், வைத்தியம் பார்த்தார்கள். 1932-ல் சென்னையில் கதர் வேட்டியோடு நின்ற சின்னண்ணனைப் போலீஸ் அடித்த விவகாரம் லண்டன் பாராளுமன்றம் வரை போயிற்று.

இவர்கள் 1930-களின் தொடக்கத்தில் எழுப்பிய ஜெபாலயத்துக்குக் கோபுரம் உண்டு, மண்டபம் உண்டு, விமானம் உண்டு. சிலுவையைக் கவனிக்காமல் தூரத்திலிருந்து பார்த்தால் ஊர்க் கோயில் என்றே சொல்வீர்கள். கோபுரத்தில் சுதைப் பொம்மைகள் இல்லை. அந்த வெறுமையால் அதன் அடுக்குகளின் அளவும் விகிதமும் நன்றாகத் தெரிகின்றன. செருப்பை வெளியே விட்டு, தரையில் உட்கார வேண்டும். பெஞ்சு போட்டால் எல்லோரும் முன்னால் பார்த்து வரிசையில் அடைபட்டிருப்போம். தரையில் உட்கார்ந்தால் கூரை உயர்ந்துவிடுகிறது. மண்டபம் நம் உயரத்துக்கு ஏற்றபடி தன்னை மாற்றிக்கொள்கிறது. தோர்ணக்கல்லில் இருக்கும் நெருடல் இங்கே இல்லை. காரணம் எளிது. ஆசிரமத்துச் சபை சிறியது, பேராயரின் பெருங்கூட்டம் இல்லை. அளவு சிறுத்ததால் கோயில் இலக்கணம் உடையாமல் நின்றது. தனிக் கட்டடமாக மதிப்பெண் போட்டால் தோர்ணக்கல்லைவிடத் திருப்பத்தூருக்கே கூடுதலாகப் போடுவேன்.

ஆனால் ஒரு கேள்வி இருக்கிறது, அதைத் தாண்டிப் போக முடியாது.

கோபுரம் நம் மண்ணின் வடிவம், கூர்நுனி மணிக்கூண்டு வெள்ளைக்காரன் வடிவம் என்று கலை விமர்சகர்கள் எழுதிவிடுகிறார்கள். யாருடைய மண் என்று கேட்பதில்லை. அசரியா பிறந்த நாடார் சமூகம் கோயிலுக்குள் வரக்கூடாது என்ற கமுதி வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், 1908-ல் நாடார்களுக்கு எதிராகவே முடிந்தது. தோர்ணக்கல் பேராலயம் திறந்தது 1939 ஜனவரியில். மதுரை மீனாட்சி கோயிலுக்குள் வைத்தியநாத ஐயர் ஹரிஜனங்களை அழைத்துக்கொண்டு நுழைந்தது அதே வருஷம் ஜூலையில். அதுவரை கோபுரம் என்பது அந்த மக்களுக்குத் தெருமுனையில் நின்று பார்க்கிற ஒன்று. அதற்கு மேல் போனால் அடி விழும்.

அப்படிப்பட்டவர்கள் தாமரைத் தூண்களுக்கு நடுவே நிமிர்ந்து நடந்துபோய்த் திருவிருந்து வாங்கினார்கள் என்பதுதான் தோர்ணக்கல்லின் பெருமை. செதுக்கு வேலை அதற்குப் பிறகு. திருப்பத்தூர் கோபுரமும் அப்படித்தான். அதன் வாசலில் சாதி கேட்பதில்லை என்பதால்தான் அந்த வடிவத்துக்கு அங்கே நியாயம் கிடைக்கிறது.

இதே காரணத்தால், பாலாற்றங்கரைச் சேரிகளில் சிமெண்டில் கூர்க்கோபுரமும் வளைவும் வைத்துக் கட்டியிருக்கும் சின்ன ஆலயங்களைப் பார்த்து வெளிநாட்டு நகல் என்று சிரிக்கிறவர்களோடு நான் சேரமாட்டேன். அந்த வடிவத்தில் யாரும் அவர்களை வெளியே நிறுத்தியதில்லை. தாத்தா காலத்தில் படிப்பும் மருந்தும் கிடைத்த இடத்தின் வடிவம் அது. அதை விரும்ப அவர்களுக்கு முழு உரிமை உண்டு.

நான் குறை சொல்வது வேறொன்றை. இப்போது கட்டும் ஆலயங்கள் கோதிக்கும் இல்லை, கோயிலும் இல்லை. நாலு பக்கமும் அடைத்த கான்கிரீட் பெட்டி, முகப்பு முழுக்க பளபளக்கும் டைல்ஸ், தாழ்ந்த ஃபால்ஸ் சீலிங், ஏ.சி. வேலூர் வெயில் எப்படிப்பட்டது என்று நமக்குத் தெரியும். கரண்டு போனால் பத்து நிமிஷம் உட்கார முடியாது. பழைய மிஷன் ஆலயங்களில் தடித்த சுவர், உயரமான கூரை, எதிரெதிர் ஜன்னல், சுற்றிலும் வராண்டா இருந்தன. கோதிக் ஜன்னல் வைத்தவர்கள்கூட வெயிலுக்குப் பயந்தே கட்டினார்கள். நாம் பாணியையும் விட்டோம், வெயிலையும் மறந்தோம்.

ஆகவே சேகரக் கமிட்டிகளில் இருக்கும் நேயர்களுக்கு ஒரு வேண்டுகோள். புது ஆலயத்துக்குப் பிளான் போடவோ பழையதை இடிக்கவோ தீர்மானம் எழுதுவதற்கு முன்னால், உங்கள் இன்ஜினியரையும் கூட்டிக்கொண்டு ஒரு முறை திருப்பத்தூருக்குப் போய் வாருங்கள். ஜோலார்பேட்டையிலிருந்து கொஞ்ச தூரம்தான். ஆசிரமத்தில் அனுமதி கேட்டு, மத்தியான வெயிலில் அந்த ஜெபாலயத்துத் தரையில் அரைமணி நேரம் உட்காருங்கள். பிறகு உங்களுக்குப் பிடித்த பாணியில் கட்டுங்கள். காற்று வரும்படி கட்டுங்கள்.