முதலில் நம்ம கையில் கட்டிப் பார்ப்போம்

(ஜூலை மாதம் நடந்த ஊராட்சி அளவிலான கூட்டமைப்பின் பொதுக்குழுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



ஆரோக்கியம் பற்றிப் பேசச் சொன்னார்கள். நான் அறிவுரை சொல்ல வரல. நான் செஞ்ச ஒரு தப்பைச் சொல்ல வந்திருக்கேன்.

2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி நம்ம கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் தொடங்கியது. குழுப் பெண்கள் பலர் அதில் தன்னார்வலராகச் சேர்ந்தோம். நானும் பி.பி. மிஷினைப் பையில் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் போகிறேன். "மாத்திரையை விடாதீங்க, உப்பைக் குறைங்க" என்று சொல்லாத வீடு இல்லை. எனக்கும் சுகர், பி.பி. ரெண்டும் உண்டு.

இந்தக் கோடையில் மகளும் பேரப்பிள்ளைகளும் லீவுக்கு வந்தாங்க. மாரியம்மன் திருவிழாவும் சேர்ந்துக்கிச்சு. ராத்திரி பன்னிரண்டு மணி வரை பேச்சு. காலையில் எழுந்திருக்க எட்டு மணி. வெயிலைச் சாக்கு வைத்து நடையை நிறுத்தினேன். தாகத்துக்குக் கலர், பசிக்கு மாம்பழம். பத்து மணிக்கு மேல் சாப்பிட்டால் காலை மாத்திரை எங்கே ஞாபகம் வரும்? முதலில் ஒரு நாள் விட்டது, அப்புறம் 25 நாள் ஆகிப்போச்சு. உடம்பு ஒண்ணும் சொல்லல, அதனால நல்லாத்தான் இருக்கோம்னு நினைச்சேன்.

பள்ளி திறந்த வாரம் ஒரு ஆயா வீட்டுக்குப் போனேன். அவங்களுக்குப் பார்த்து முடித்து எழுதிக்கொண்டிருந்தேன். என் முகத்தையே பார்த்தவங்க, "ஏம்மா, இந்தப் பட்டையை உன் கையில எப்பக் கட்டுன?" என்று கேட்டாங்க. பதில் சொல்ல முடியல. அங்கேயே கட்டினேன். 172/104. மறுநாள் வெறும் வயிற்றில் சுகர் 238. ஊருக்குத்தான் உபதேசமான்னு எனக்கே வெட்கமாப் போச்சு.

ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனேன். டாக்டர் திட்டல. பழைய மாத்திரையையே திரும்ப ஆரம்பிக்கச் சொல்லி, "விட்டதுக்குச் சேர்த்து ரெண்டு போட்டுடாதீங்க" என்றார். இதை நீங்களும் மனசுல வையுங்க. குழுக் கடனில் ஒரு தவணை தவறினால் அடுத்த மாசம் ரெண்டாகக் கட்டலாம். மாத்திரை அப்படி இல்லை. போனது போனதுதான், அடுத்த வேளையிலிருந்து சரியாகப் போடணும்.

வீட்டுக்கு வந்து எல்லாத்தையும் ஒரே நாளில் மாத்தல. சேமிப்பு மாதிரி கொஞ்சம் கொஞ்சமாத்தான். முதல் வாரம் தூக்கம் மட்டும்: பத்து மணிக்குப் படுக்கை, ஐந்தரைக்கு எழுந்திருப்பது. இரண்டாம் வாரம் எட்டு மணிக்குள் காலைச் சாப்பாடு, களியோ இட்லியோ, கூடவே மாத்திரை. மூன்றாம் வாரம் நடை. ஏரிக்கரை வரை போய் வர அரை மணி நேரம், வாரத்துக்கு 5 நாள். தனியாப் போனா நின்னுடுவேன்னு பக்கத்து வீட்டுத் தங்கச்சியையும் கூப்பிட்டுக்கிட்டேன்.

இன்னொன்று, வெயில்ல நாம காயவைத்த வடகம், மோர்மிளகாய், ஊறுகாய் எல்லாம் இப்போ பானை நிறைய இருக்கு. ஒரு நாளைக்கு மொத்தமே ஒரு தேக்கரண்டி உப்புதான் உடம்புக்குப் போதும். அந்தப் பானையைக் கைக்கு எட்டாத பரண்மேல் ஏற்றிவிட்டேன்.

ஆறு வாரம் ஆச்சு. போன திங்கட்கிழமை 138/86. சுகர் 146. இன்னும் குறையணும், ஆனா இறங்குது.

கடைசியா, காலை உணவுத் திட்டத்தில் சமைக்கிற நம்ம சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. பள்ளி திறந்ததும் மறுபடி விடியற்காலையில் ஓடுறீங்க. நூறு பிள்ளைங்க வயிறு நிறைஞ்ச பிறகு, பாத்திரம் கழுவி வீட்டுக்குப் போய் நீங்க சாப்பிட பதினோரு மணி ஆகுது. சுகர் மாத்திரை போடுறவங்க அதுவரை வெறும் வயிற்றோடு இருந்தால் மயக்கம் வரும். வீட்டிலிருந்து ரெண்டு இட்லி கட்டிக்கொண்டு போங்க. நேரத்துக்குச் சாப்பிடுங்க. அதில் ஒரு வெட்கமும் இல்லை.

என் வேண்டுகோள் ஒன்றே. ஒவ்வொரு குழுக் கூட்டத்திலும் சேமிப்பு வசூலுக்கு முன்னால் பத்து நிமிஷம் ஒதுக்குங்க. மிஷினை நான் கொண்டுவரேன். தலைவி, ஊக்குநர் முதலில் கையை நீட்டட்டும். வருகிற எண்ணை ஒரு நோட்டில் எழுதுவோம். பாஸ்புக்கில் பத்து ரூபாய் குறைந்தால் கண்டுபிடிக்கிற நமக்கு, நம்ம உடம்புக் கணக்கு தெரியாமல் இருக்கலாமா?

அந்த ஆயா இப்போ நான் போனதும் முதலில் என் கையைத்தான் கேக்குறாங்க. நீங்களும் ஒருத்தருக்கொருத்தர் கேளுங்க.