எலும்பு நலிவும் இடையில் நிறுத்திய மருந்தும்

(மாதர் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



நம் வீடுகளில் பாட்டிமார் கூன் விழுந்து நடப்பதைக் கண்டு, வயதாகிவிட்டதென்று சொல்லி நாம் வாளா இருந்துவிடுகிறோம். முதுகெலும்புகள் ஒவ்வொன்றாய் நசுங்கியதே பல சமயங்களில் அக்கூனுக்குக் காரணம். மாதவிலக்கு நின்றபின் ஈஸ்ட்ரோஜன் என்னும் சுரப்பு குன்றுகிறது. எலும்பைக் கரைக்கும் அணுக்கள் ஓங்க, கட்டும் அணுக்கள் ஈடுகொடுக்க மாட்டாமற் போகின்றன. வலியின்றியே இது நிகழும். இடுப்பெலும்பு முறிந்த பிறகே வீட்டார் விழித்துக்கொள்வர்.

இதற்கு மருந்துகள் உண்டு. அலெண்ட்ரோனேட் மாத்திரை 1995-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. வாரம் ஒன்றாக 70 மில்லிகிராம் கொடுப்பது வழக்கம். காலையில் வெறும் வயிற்றில், வெறுந்தண்ணீருடன் விழுங்கி, அரைமணி நேரம் படுக்காமலும் காப்பி அருந்தாமலும் இருத்தல் வேண்டும். காப்பியை ஒத்திவைப்பது நம் தாய்மார்க்கு மருந்தினும் கசப்பென்பதை அறிவோம். ஆயினும் காப்பியுடன் விழுங்கின் மருந்து உடம்பிற் சேராது. படுத்தால் உணவுக்குழல் புண்ணாகக்கூடும். சிறுநீரகம் மிகப் பழுதுற்றோர்க்கு இம்மாத்திரை ஆகாது.

மற்றொன்று ஆறு மாதத்துக்கொரு முறை போடும் டெனோசுமாப் ஊசி. 7,868 மாதரைக் கொண்டு மூன்று ஆண்டு நடத்திய ஆராய்ச்சி 2009-ல் வெளிவந்தது. புதிய முதுகெலும்பு முறிவுகள் நூற்றுக்கு 68 பங்கு குறைந்தனவென்று அது காட்டியது.

நமது தமக்கையார் இவ்வூசியை மூன்று ஆண்டு போட்டுக்கொண்டார். எலும்பின் அடர்த்தி ஏறியிருக்கக் கண்டு, இனிச் செலவெதற்கென்று நாமே நிறுத்தச் சொன்னோம், வைத்தியரைக் கேட்கவில்லை. கடைசி ஊசிக்குப் பத்தாம் மாதம், தண்ணீர்க்குடத்தைத் தூக்குகையில் அவருக்கு முதுகில் மூன்று எலும்புகள் நசுங்கின. நாம் செய்த பிழையை இச்சபையில் மறைப்பதற்கில்லை.

மாத்திரை எலும்பிலேயே தங்கி நெடுநாள் வேலை செய்யும். ஆதலின் ஐந்து ஆண்டுக்குப்பின், அபாயம் குறைந்தோர்க்கு வைத்தியர் ஓய்வு கொடுப்பதுண்டு. ஊசி மருந்தோ அவ்வாறு தங்குவதன்று. அதன் வேகம் தணிந்ததும், அடங்கியிருந்த கரைப்பு முன்னிலும் மும்முரமாய் எழுகிறது. அதை நிறுத்த வேண்டின் வேறொரு மருந்து உடனே தொடர வேண்டும். தவணை தவறுதலும் ஆகாது. பல் பிடுங்க நேரின் வைத்தியரிடம் முன்னரே சொல்லிவிடுக. அரிதாயினும் தாடையெலும்பு கெடுவதுண்டு.

வரவுசெலவுக் கணக்கெழுதும் ஆடவர்கள் அடுத்த ஊசியின் தேதியையும் அப்புத்தகத்திலேயே குறித்துவைப்பார்களாக. தமக்கையார்க்கு இப்போது மீண்டும் ஊசி போடுகிறோம். தேதியை நாமே எழுதிவருகிறோம்.