குற்றம் நாவிலா, செவியிலா?

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)



விரிவுரையாளரின் பேச்சு விளங்கவில்லை என்று மாணவர் முறையிட்டால், குற்றம் அவர் நாவிலேதான் உண்டென்று உலகம் உடனே தீர்த்துவிடுகிறது. அத்தீர்ப்பு எப்பொழுதும் நீதியாகுமா என்பதே இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள்.

ஐக்கிய அமெரிக்காவிலே, பிற நாட்டவர் பலர் பல்கலைக் கழகங்களிற் கற்பிக்கத் தொடங்கியபோது இம்முறைப்பாடு ஓங்கி ஒலித்தது. கற்பிப்போரின் ஆங்கிலப் பேச்சுத் திறனை உறுதிப்படுத்த வேண்டுமென்று 1980களில் சில மாநிலங்கள் சட்டம் இயற்றின. 1990இல் பென்சில்வேனியாவும் அவ்வாறே செய்தது.

ஜோர்ஜியாப் பல்கலைக் கழகத்தைச் சேர்ந்த டொனால்ட் றூபின் என்பார் 1992இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட, ஒகாயோ மாநிலத்துப் பெண்மணி ஒருவரின் சிறு விரிவுரை ஒலிப்பதிவு செய்யப்பட்டது. 62 மாணவர் ஆய்விற் பங்குகொண்டனர். பேசுபவர் இவரே என்று, ஒரு சாராருக்கு வெள்ளை இனப் பெண்ணின் படமும், மறு சாராருக்கு ஆசியப் பெண்ணின் படமும் காட்டப்பட்டன. குரல் ஒன்றே, உச்சரிப்பும் ஒன்றே. ஆயினும் ஆசிய முகத்தைக் கண்டோர் அக்குரலில் அந்நிய உச்சரிப்பைக் கேட்டனர்! அம்மட்டோ? விரிவுரையை விளங்கிக்கொள்வதிலும் அவர்கள் பின்தங்கினர்.

இல்லாத குறையைச் செவி எங்ஙனம் கேட்டது? கண் முந்திக்கொண்டு தீர்ப்பளித்தது. செவி அதற்குப் பணிந்தது.

இதனால் விளையும் தீங்கு சிறிதன்று. மாணவர் எழுதும் மதிப்பீடு அங்கே விரிவுரையாளரின் பதவி உயர்வுக்கும் நிலையான நியமனத்துக்கும் அளவுகோலாகிறது. ஆண்டுக்கணக்காகக் கற்ற கல்வி ஒருபுறமிருக்க, முகத்தைக் கண்டு எழுந்த ஐயம் ஒருவரின் சீவனத்தையே அசைத்துவிடுகிறது. கேளாமலே எழுதிய தீர்ப்பினால் மாணவனும் பாடத்தை இழக்கிறான்.

விளங்காத பேச்சையும் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று நான் சொல்லவில்லை. தெளிவாகப் பேசுதல் ஆசிரியரின் கடமை. அதற்குப் பயிற்சி வேண்டுமாயின் அளித்தல் பல்கலைக் கழகத்தின் கடமை. அந்நாட்டின் 1964ஆம் ஆண்டுக் குடிசார் உரிமைச் சட்டமும், பிறந்த நாடு காரணமாக ஒருவருக்குத் தொழிலில் தீங்கிழைப்பதைத் தடுக்கிறது. உச்சரிப்பு வேறாயிருத்தல் வேறு. வேலைக்கு இடையூறாயிருத்தல் வேறு.

அன்பர்களே, வள்ளுவர் 'கேள்வி' என்று தனியோர் அதிகாரமே வகுத்தார். கேட்டலும் ஓர் அறம். நாளை உங்களிற் சிலர் பிறநாட்டு மண்டபங்களில் மாணவராய் அமரலாம். சிலர் ஆசிரியராய் நிற்கவும் கூடும். அமர்ந்திருக்கும்போது, நிற்பவர் முகத்தைப் பாராது முதற் பத்து நிமிடம் பொறுமையோடு கேளுங்கள். நீங்கள் நிற்கும் நாளிலே பிறரிடம் நாடப்போவதும் அதுவேயன்றோ?