தகடு எங்கே தடைப்படுகிறது?

(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

இலக்கியமும் சமயமும் பேசப்பெறும் இம்மேடையில், பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய இரயில்வே எழுத்தனாகிய என்னைக் கணினி பற்றிப் பேசுமாறு செயற்குழுவினர் பணித்துள்ளனர். காரணம் உண்டு. நம் சங்கத்து அலமாரியில் வீடியோ நாடாக்கள் அடுக்கடுக்காக இருக்கின்றன. பழைய ஆண்டு விழா நாடகங்கள், பட்டிமன்றங்கள், இன்று நம்மோடு இல்லாத பெரியோர் சிலரின் பேச்சுகள் யாவும் அவற்றில்தாம் உள்ளன. கரமனையிலும் சாலைக் கடைத்தெருவிலும் வாழும் நம்மவர் இல்லங்களில் திருமண நாடாக்களும் அவ்வாறே உறங்குகின்றன. அவற்றைக் கணினியில் ஏற்றி, தலைப்பும் இசையும் சேர்த்து, டி.வி.டி. தகடாக்க முனைந்தோர் பலர். "தொண்ணூறு விழுக்காடு ஓடிற்று, பிறகு 'தகட்டை உருவாக்க இயலவில்லை' என்று நின்றுவிட்டது" என்பதே அவர்கள் என்னிடம் கூறும் முறையீடு.

கைத்தொலைபேசியில் பார்த்துக்கொள்ளலாமே, தகடு எதற்கு என்று இளைஞர்கள் கேட்பர். எண்பது வயதுப் பாட்டிக்குத் தகட்டை உள்ளே தள்ளிப் பொத்தானை அழுத்தத் தெரியும். வேறொன்றும் தெரிய வேண்டுவதில்லை. காலமும் நமக்காகக் காத்திருக்கவில்லை. வி.எச்.எஸ். நாடாவை ஓட்டும் கருவியைக் கடைசியாகச் செய்துவந்த ஜப்பானிய நிறுவனமான ஃபுனாய் 2016-ஆம் ஆண்டு அதனை நிறுத்திவிட்டது. மினி டி.வி. நாடாச் செய்வதை சோனி 2025 பிப்ரவரியில் நிறுத்திற்று. நம் ஊருக்கோ ஆண்டில் இரண்டு மழைக்காலங்கள். அலமாரிக்குள் ஈரம் புகுந்தால் நாடாவில் வெண்பூஞ்சை படர வெகுநாள் ஆகாது.

நிற்க. வண்டி வரவில்லையென்றால் எங்கள் கட்டுப்பாட்டு அறையினர் முதலில் கேட்பது, "எந்த நிலையத்தைக் கடந்தது?" என்பதே. தகட்டின் செய்தியும் அதுதான். நாம் ஒரு பொத்தானை அழுத்துகிறோம். மென்பொருளோ மூன்று வேலைகளைச் செய்கிறது. படத்தை டி.வி.டி.க்குரிய முறையில் சுருக்குவது முதலாவது. பட்டியல் பக்கமும் அத்தியாயங்களும் சேர்த்துக் கோப்புகளாகத் தொகுப்பது இரண்டாவது. தகட்டில் எழுதுவது மூன்றாவது. மூன்றில் எது தவறினாலும் திரையில் வருவது பெரும்பாலும் ஒரே வாசகம். ஆகவே நேராகத் தகட்டுக்கு அனுப்பாதீர்கள். முதலில் கணினியின் வன்தட்டிலேயே ஒரு கோப்புறையாக உருவாக்கச் சொல்லுங்கள். அது முடிந்தால் முதலிரண்டு வேலைகளும் நிறைவேறின, குற்றம் தகட்டிலோ எழுதும் கருவியிலோ என்பது விளங்கிவிடும். அது முடியாவிட்டால் எத்தனை புதுத் தகடு வாங்கியும் பயனில்லை. தகட்டின் மேல் பழி போட்டுப் பெட்டி பெட்டியாகக் குப்பையில் எறிந்தவர்களை நான் அறிவேன்.

முதல் வேலையில் இடப் பற்றாக்குறைதான் பெரும்பகை. மினி டி.வி. நாடாவிலிருந்து இறக்கிய படம் மணிக்கு ஏறத்தாழ 13 ஜி.பி. இடம் கொள்ளும். சுருக்கிய படத்துக்கும் தகட்டின் நகலுக்கும் மேலும் பத்துக்குக் குறையாமல் வேண்டும். தற்காலிகக் கோப்புகள் பெரும்பாலும் சி வட்டில்தான் போய் விழும். டி வட்டு காலியாக இருப்பதைக் கண்டு மகிழ்வதில் பொருளில்லை. பழைய வெளி வன்தட்டுகள் ஃபேட்-32 என்னும் அமைப்பில் இருந்தால், 4 ஜி.பி.க்கு மேற்பட்ட தனிக் கோப்பை அவை ஏற்கமாட்டா. முழுத் தகட்டின் நகற்கோப்பு அதைவிடப் பெரியது. அங்கே வேலை நின்றே தீரும்.

ஒவ்வொரு முறையும் அதே விழுக்காட்டில் நிற்கிறதா என்று குறித்துக்கொள்ளுங்கள். அதே இடமென்றால் அங்குள்ள படத்துண்டு பழுதுற்றது என ஐயுறலாம். படத்தை இரு பாதியாக்கித் தனித்தனியே ஓட்டிப் பார்த்து, தவறும் பாதியை மீண்டும் இரண்டாக்கினால் நாலைந்து முறையில் குற்றவாளி அகப்படும். கைத்தொலைபேசியில் எடுத்த துண்டுகள் இதில் அடிக்கடி அகப்படுபவை. அவற்றில் நொடிக்கு இத்தனை சட்டங்கள் என்னும் கணக்கு நிலையாக இராது. நம் நாட்டுத் தொலைக்காட்சி முறையாகிய பால், நொடிக்கு 25 சட்டங்கள் கேட்கும். அமெரிக்க முறையாகிய என்.டி.எஸ்.சி. ஏறத்தாழ 30 கேட்கும். 1976 வரை நம் ஊருக்கு வந்தது மீட்டர் பாதை. அகலப்பாதை வண்டியை அதில் ஓட்ட இயலுமா? சரக்கை இறக்கி வேறு வண்டியில்தான் ஏற்றவேண்டும். அதுபோல ஹேண்ட்பிரேக் என்னும் இலவச மென்பொருளால் எல்லாத் துண்டுகளையும் நிலையான 25 சட்டங்களாக முதலில் மாற்றிவிடுவது நலம்.

இரண்டாம் வேலையில் நிகழும் தடை தமிழராகிய நமக்கே உரியது. நாம் ஆசையோடு கோப்புக்கு "ஆண்டு விழா நாடகம்" என்று தமிழில் பெயரிடுகிறோம். பழைய தகட்டு மென்பொருள் பலவற்றுக்கு ஆங்கில எழுத்தன்றிப் பிற எழுத்துத் தெரியாது. கோப்பு கிடைக்கவில்லை என்று சொல்லி நின்றுவிடும். கோப்பின் பெயரை மாற்றிய பின்னும் நிற்கிறதே என்று மலைப்போர் கணினியின் பயனர் பெயரைப் பார்க்க வேண்டும். அது தமிழில் இருந்தால், தற்காலிகக் கோப்புறை அதன் உள்ளேதான் இருக்கும். பாதையில் தமிழ் எழுத்து மீண்டும் வந்துவிடுகிறது. ஆகவே தற்காலிகக் கோப்புறையை வெளியே, ஆங்கில எழுத்தில் சிறு பெயரோடு அமைக்க வேண்டும். தகட்டின் பெயருக்கும் விதியுண்டு: ஆங்கிலப் பெரிய எழுத்துகள், எண்கள், அடிக்கோடு, 32-க்கு மேற்படலாகாது. திருவனந்தபுரம் சென்ட்ரலை நாங்கள் டி.வி.சி. என்று மூன்றெழுத்தில் அடக்குவதில்லையா? அதனால் ஊரின் பெயர் குறைந்துவிடவில்லை. பட்டியல் பக்கத்தில் தமிழ்த் தலைப்புக் கட்டம் கட்டமாகத் தெரிந்தால், தலைப்பைப் படமாக வரைந்து பின்னணியாக வைத்துவிடுங்கள். அங்கே தமிழை விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை.

இனி எழுதுதல். கடைக்காரர் இதனை "எரித்தல்" என்பர், பெயர் பொருந்தும். சிவப்பு ஒளிக்கதிர் தகட்டின் சாயப்படலத்தைச் சுட்டுப் புள்ளியிடுகிறது. தகட்டு உறையில் 4.7 ஜி.பி. என்றிருப்பினும் கணினி எண்ணும் முறையில் அது 4.37 தான், 4.6 என்று காட்டும் தொகுப்பு கொள்ளாது. இரண்டு மணி நேரம் தெளிவாக அடங்கும். மூன்று மணி நேர விழாவை ஒரே தகட்டில் திணித்தால் முகங்கள் கட்டம் கட்டமாக உடையும். என் கருத்து, இரண்டு தகடாக்குவதே முறை. 16 மடங்கு வேகம் எனக் குறித்த தகட்டை 8 அல்லது 4 மடங்கில் எழுதுக. 4 மடங்கில் முழுத் தகட்டுக்குக் கால்மணி நேரம்தான். வெளியில் இணைக்கும் எழுதுகருவியைக் கணினியிலேயே நேராகச் செருக வேண்டும். பல கிளை இணைப்பியில் செருகினால் மின்சாரம் போதாமல் நடுவழியில் நிற்கக்கூடும். கணினி உறங்கும் ஏற்பாட்டை நிறுத்திவையுங்கள். மழைநாளில் யு.பி.எஸ். இன்றித் தொடங்காதீர்கள்.

வெற்றுத் தகடு வாங்குவதிலும் கவனம் வேண்டும். தொழில் சுருங்கிவிட்டது, நம் நாட்டிலேயே தகடு செய்து உலகெங்கும் விற்ற மோசர் பேயர் நிறுவனத்தைக் கலைக்க 2018-இல் உத்தரவாயிற்று. கடையில் வெயில்பட்டுக் கிடந்த பழைய இருப்பை மலிவென்று வாங்கவேண்டா. சோதனைக்கு அழித்தெழுதும் தகடு ஒன்றை வைத்துக்கொண்டால் அதே தகட்டிலேயே பலமுறை முயலலாம். எழுதியபின் "முடித்து வைத்தல்" என்னும் செயலை மென்பொருள் செய்ததா எனக் காண்க. அது நிகழாவிட்டால் கணினியில் ஓடும் தகடு வீட்டுக் கருவியில் ஓடாது. வெறும் படக்கோப்பை அப்படியே தகட்டில் நகலெடுத்துவிட்டு, பழைய கருவி ஓட்டவில்லை என்று வருந்துவோரும் உளர்; அக்கருவி தேடுவது வீடியோ டி.எஸ். என்னும் கோப்புறையை.

விண்டோஸ் 7 வரை உடன்வந்த டி.வி.டி. மேக்கர் 2012-இல் வந்த விண்டோஸ் 8-இலேயே நீக்கப்பெற்றது. புதுக் கணினியில் அதனைத் தேடி அலையவேண்டா, டி.வி.டி. ஸ்டைலர் இலவசமாகக் கிடைக்கிறது.

அலமாரி நாடாக்களை மாற்றும் பணிக்குச் செயற்குழு இசைந்துள்ளது. வீட்டு நாடாக்களையும் அன்பர்கள் கொண்டுவரலாம். ஒரு வேண்டுகோள்: வெண்பூஞ்சை கண்ட நாடாவை, "ஓடுகிறதா பார்ப்போம்" என்று கருவியில் இடாதீர்கள். கருவியின் தலையில் பூஞ்சை ஒட்டிக்கொண்டு அடுத்த நாடாவையும் பற்றும். நாடா அறுந்தும் போகலாம். அத்தகையவற்றைத் தனிப்பையில் கட்டி, மேலே "பூஞ்சை" என்றெழுதிக் கொடுங்கள். அவற்றைத் துடைத்த பின்னரே ஓட்டுவோம்.